பிரிக் லேன் 59: வந்தேறிகள் இங்கிலாந்துக்கு என்ன கொடுத்தார்கள்?

தறிக்காரர் பேரன் · சனி, இரவு 10.40

ஊரிலிருந்து வந்த நண்பனைப் போன வாரம் கிழக்கு லண்டன் பிரிக் லேனுக்குக் கூட்டிப் போனேன். பிரியாணி சாப்பிடத்தான். ஃபூர்னியர் தெரு முனைக்கு வந்ததும் அவன் நின்றுவிட்டான். பழைய செங்கல் கட்டிடம், பக்கத்தில் பளபளவென்று ஓர் உலோகத் தூண், மேலே முக்கோண முகப்பில் சூரியக் கடிகாரம். அதில் 1743 என்ற ஆண்டும் 'நிழல்தான் நாம்' என்று பொருள்படும் லத்தீன் வாசகமும் இருக்கின்றன. "இது என்னடா, மசூதியா சர்ச்சா?" என்றான்.

இரண்டும்தான் என்றேன், நடுவில் இன்னொன்றும் உண்டு. 1743ல் கட்டியவர்கள் பிரான்ஸிலிருந்து தப்பி வந்த ஹியூகனோட்டுகள், அதாவது புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். 1685ல் பதினான்காம் லூயி அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பறித்ததும் சுமார் 50 ஆயிரம் பேர் இங்கிலாந்துக்கு ஓடிவந்தார்கள். 'ரெஃப்யூஜி' என்ற சொல்லே ஆங்கிலத்துக்குள் அவர்களோடுதான் நுழைந்தது. 1819ல் கட்டிடம் மெதடிஸ்ட் சபையாருக்குப் போனது. 1898ல் ரஷ்யப் பேரரசிலிருந்து அடிபட்டு வந்த யூதர்கள் அதை ஜெப ஆலயமாக்கினார்கள். 1976ல் சில்ஹெட்டிலிருந்து வந்த வங்காளிகள் மசூதியாக்கினார்கள். அந்தக் கடிகாரத்தை யாரும் கழற்றவில்லை.

ஃபூர்னியர் தெரு வீடுகளின் மேல்மாடத்தில் நீள நீளமாகச் சன்னல்கள். நண்பனுக்கு ஏனென்று விளங்கவில்லை, எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. தாத்தா வீட்டுத் தறி வெளிச்சம் விழும் இடத்தில்தான் இருந்தது. பாவில் ஓர் இழை அறுந்தால் கண்ணில் பட வேண்டுமே. பட்டு நெய்யும் ஊர்க்காரனுக்கு அந்தச் சன்னல் பேசுகிற பாஷை புரியும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ரயிலில் திரும்பும்போது எதிரே ஓர் அண்ணன். தமிழர்தான், முப்பது வருஷமாக இங்கே இருப்பவராம். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தம்பி, அந்தக் காலத்தில் வந்தவங்க நாட்டுக்கு ஏதோ கொடுத்தாங்க. இப்ப படகுல வர்றவனுங்க எடுக்கத்தான் வர்றானுங்க" என்றார். பதில் சொல்வதற்குள் அவருடைய ஸ்டேஷன் வந்துவிட்டது. அதனால் இங்கே கேட்கிறேன்.

கேள்வி நாயகன் · சனி, இரவு 11.15

அண்ணன் சொன்னதில் தப்பென்ன? சிக்கன் டிக்கா மசாலா, பேகல், திருவிழா, டான்ஸ் என்று ஒரு பட்டியல் போடுவீர்கள். டூரிஸ்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கும். 2001ல் வெளியுறவு அமைச்சர் ராபின் குக் டிக்கா மசாலாவை உண்மையான பிரிட்டிஷ் தேசிய உணவு என்றார், எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டு வாடகை ஏறுவதையும் கூலி இறங்குவதையும் அந்தக் குழம்பில் போட்டுக் கிண்டிவிட முடியுமா? எதிர்ப்பவர்கள் எல்லோரையும் இனவெறியர் என்பதும் சோம்பேறித்தனம்.

நைட் டியூட்டி நர்ஸ் · ஞாயிறு, காலை 6.05

டியூட்டி முடிந்து பேருந்தில் இருந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை விடுங்கள். எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் டில்பரி துறைமுகத்தில் பயணிகளை இறக்கியது 1948 ஜூன் 22. தேசிய சுகாதார சேவை தொடங்கியது ஜூலை 5. நடுவில் இரண்டே வாரம். கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்களில் தங்க இடமில்லாதவர்களை தெற்கு லண்டன் கிளாப்பமில் போர்க்காலப் பதுங்கு குழியில், நிலத்துக்கு அடியில், படுக்க வைத்தார்கள். பக்கத்தில் இருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில். வேலை தேடி அங்கே போனவர்கள் அங்கேயே குடியேறினார்கள். பிரிக்ஸ்டன் கரீபியர்களின் பேட்டை என்று பேர் எடுத்தது இப்படித்தான்.

அடுத்தடுத்த வருஷங்களில் அந்தத் தீவுகளிலிருந்து செவிலியர்கள் வந்தார்கள். பலரை மூன்று வருஷ முழுப் பயிற்சிக்கு எடுக்காமல் இரண்டு வருஷக் கீழ்நிலைப் பயிற்சியில் போட்டார்கள். அந்தச் சான்றிதழ் அவர்கள் சொந்த ஊரிலேயே செல்லாது. படித்து முடித்த பிறகுதான் பலருக்கு அது தெரிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் வார்டில் ஜமைக்காவிலிருந்து வந்த ஓர் அம்மா ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். நோயாளியின் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது அவருக்கு. "கறுப்புக் கையால் என்னைத் தொடாதே என்று சொன்னவருக்கும் இதே மாதிரிதான் விரித்தேன்" என்பார்.

1968ல் பர்மிங்ஹாமில் குடியேறிகளுக்கு எதிராக அந்தப் பேர்பெற்ற பேச்சைப் பேசிய ஈனக் பவல், 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சர். அவர் துறையின் மருத்துவமனைகளில் பெட்பேன் எடுத்தது யார் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கேள்வி நாயகன் · ஞாயிறு, காலை 9.30

அம்மா, உங்கள் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு ஆதரவாக லண்டன் துறைமுகத் தொழிலாளிகள் வேலையைப் போட்டுவிட்டு நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள் என்பதும் சரித்திரம். அவர்கள் பணக்காரர்கள் இல்லை. வேலை போகுமோ என்ற பயம் ஏழைக்குத்தான் வரும். அதைத்தான் சொல்கிறேன்.

கோவென்ட்ரி குமார் · ஞாயிறு, காலை 10.50

கூலிக் கணக்கா, வாருங்கள் பேசுவோம். பிரிஸ்டலில் பேருந்து நிறுவனம் கறுப்பரையும் ஆசியரையும் நடத்துநராக எடுக்க மறுத்தது. தொழிற்சங்கமும் அதற்கு உடந்தை. 1963ல் பால் ஸ்டீவன்சன் போன்ற இளைஞர்கள் பேருந்துப் புறக்கணிப்பு நடத்தினார்கள். ஆகஸ்ட் 28ல் நிறுவனம் இறங்கி வந்தது. அதன் பிறகு வேலைக்கு எடுக்கப்பட்ட முதல் வெள்ளையரல்லாத நடத்துநர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். ஆக, முதலில் சங்கத்துக்குள் விட மாட்டார்கள். பிறகு சங்கத்துக்கு வெளியே நின்று கூலியைக் குறைக்கிறான் என்பார்கள்.

1976ல் வடமேற்கு லண்டனில் கிரன்விக் என்ற புகைப்படம் கழுவும் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். முன்னால் நின்றவர் ஜெயாபென் தேசாய், குஜராத்தில் பிறந்து கிழக்கு ஆப்பிரிக்கா வழியாக வந்தவர், ஐந்தடி உயரம்கூட இல்லை. புடவையும் மேலே கோட்டுமாகக் குளிரில் வாசலில் நின்ற அந்தப் பெண்களுக்காகத் தபால்காரர்கள் அந்தத் தொழிற்சாலைத் தபாலைத் தொட மறுத்தார்கள். யார்க்‌ஷயரிலிருந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் பஸ் பிடித்து வந்தார்கள். இரண்டு வருஷம் நடந்து தோற்றது, உண்மை. ஆனால் எட்டு வருஷம் முன்னால் பவலுக்காக நடந்த தொழிலாளி வர்க்கத்தின் இன்னொரு பகுதி இப்போது புடவைக்காரிக்காக வந்து நின்றது. ஒரு நாட்டின் கலாசாரம் என்றால் இதுவும்தானே?

எங்கள் ஊர்ப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். ஜமைக்கா ஸ்கா இசையையும் இங்கிலாந்து பங்க் இசையையும் பிசைந்து 1979ல் டூ டோன் என்ற இசை நிறுவனம் கோவென்ட்ரியில் தொடங்கியது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முத்திரை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில். 1981 கோடையில் ஊர் ஊராகக் கலவரம் நடந்தபோது தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது ஸ்பெஷல்ஸ் குழுவின் 'கோஸ்ட் டவுன்'. கிளப்புகள் மூடி வெறிச்சோடிப்போன ஊரைப் பற்றிய பாட்டு. அதை எழுதிய ஜெர்ரி டாமர்ஸ் பிறந்தது எங்கே தெரியுமா? ஊட்டியில்! பாதிரியார் மகன். இதை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்லாமல் விடுவதில்லை.

கரவெட்டியான் · ஞாயிறு, மதியம் 1.20

நான் 87ல் வந்தவன். அந்த வருஷம் பிப்ரவரியில் ஹீத்ரோவில் எங்கட பொடியள் கொஞ்சப்பேரைத் திருப்பி அனுப்பப் பார்த்தபோது, விமானத்துக்குப் பக்கத்தில் உடுப்பைக் கழற்றிப்போட்டு உள்ளுடுப்போட நின்றார்கள். பேப்பர் எல்லாம் படம். அனுதாபமாக எழுதினவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு. கையோட அந்த வருஷமே சட்டம் வந்தது: விசா இல்லாத ஆளை ஏற்றி வந்தால் தலைக்கு 1000 பவுண்டு விமான நிறுவனத்துக்குத் தண்டம். அதுக்குப் பிறகு சனம் விமானத்தில் ஏறவே ஏலாது. லொறியும் படகும் எங்கிருந்து வந்தது என்று இப்ப கேட்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணிக் கப்பலைத் தடுப்பு முகாமாக்கி எங்களைப்போல ஆட்களை வைத்திருந்தார்கள். என்ர மச்சானும் அதில் இருந்தவர். அக்டோபரில் பெரும் புயல் அடித்துக் கப்பல் கயிறு அறுத்துக்கொண்டு போய்த் தரை தட்டியது. அதோட ஆட்களை வெளியே விட்டார்கள். "முருகன்தான் கயிற்றை அறுத்தவர்" என்று மச்சான் இன்றைக்கும் சொல்வார்.

இவ்வளவும் எழுதிப்போட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. 2016ல் நான் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறத்தான் வாக்குப் போட்டனான். என்ர கடைக்கு நாலு கதவு தள்ளிப் போலந்துக்காரன் ஒருத்தன் கடை போட்டான். அவன்ட பாணும் சொசேஜும் என்ர யாவாரத்தை அரைவாசியாக்கிப் போட்டுது. கோபம். வேறொன்றுமில்லை.

தறிக்காரர் பேரன் · ஞாயிறு, மாலை 4.00

அண்ணை, நீங்கள் மனம்விட்டு எழுதியதால் நானும் ஒரு கதை சொல்கிறேன். மேலே சொன்ன சன்னல் வீடுகளின் கதைதான்.

ஹியூகனோட்டுகள் வந்தபோது லண்டன் நெசவாளர்கள் கொதித்தார்கள். குறைந்த கூலிக்கு நெய்கிறான், ஒரே அறையில் கூட்டமாகக் கிடக்கிறான், பூண்டு நாற்றம் என்றெல்லாம் புகார். ஆனாலும் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் (பிரிக் லேன் இருக்கும் பகுதி) பட்டு என்றால் ஐரோப்பா முழுக்கப் பேர் என்ற நிலைக்கு அவர்கள் கொண்டுவந்தார்கள். 1694ல் இங்கிலாந்து வங்கி தொடங்கியபோது முதல் ஆளுநர் சர் ஜான் ஹூப்லன், அவரும் அகதிகளின் வம்சம். பின்னாளில் 50 பவுண்டு நோட்டில் அவர் முகமே வந்தது.

ஒரு தலைமுறை கழிகிறது, வருஷம் 1719. சந்தையை ஒரு துணி பிடித்துவிட்டது: காலிகோ, சின்ட்ஸ். பருத்தியில் பூப்போட்டது, பட்டைவிட மலிவு, துவைத்தால் சாயம் போகாது. காலிகோ என்ற பேர் கோழிக்கோட்டிலிருந்து வந்தாலும் சின்ட்ஸில் உயர்ந்த சரக்கு நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனது. நெசவாளர்களுக்குப் பிழைப்பு போனது. கூட்டமாகத் தெருவில் இறங்கி, காலிகோ கட்டிய பெண்களைத் துரத்திப் பிடித்து உடம்பிலிருந்தே துணியைக் கிழித்தார்கள். மையை ஊற்றினார்கள், சிலர் அமிலத்தையே வீசினார்கள். அந்தக் கூட்டத்தில் ஹியூகனோட் பிள்ளைகளும் இருந்தார்கள். 1721ல் அச்சடித்த காலிகோவை உடுத்தவே தடை வந்துவிட்டது.

எனக்கு இதில் யார் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை. தறி நின்றால் அடுப்பு எரியாது என்பது எங்கள் வீட்டில் நடந்த கதை, விசைத்தறி வந்தபோது தாத்தா பேசாத பேச்சில்லை. ஆனால் துணியைக் கிழிக்கும்போது அந்தக் கூட்டத்துக்குத் தன் அப்பன் எந்தக் கப்பலில் வந்தான் என்பது மறந்துவிட்டதே, அதுதான் உறுத்துகிறது.

கேள்வி நாயகன் · ஞாயிறு, மாலை 4.45

கதை நல்லா இருக்கு, ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் ஊரில் 'வடக்கன்' என்று பேசுகிறவர்கள் பக்கமும் இந்த இழையைத் திருப்புங்களேன். திருப்பூரில் இருப்பவர்கள் பதில் சொல்லட்டும்.

நெறியாளர் · ஞாயிறு, மாலை 5.10

தலைப்பு இங்கிலாந்து. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

கோவென்ட்ரி குமார் · ஞாயிறு, மாலை 6.30

பட்டியல் போடாதே என்றார் கேள்வி நாயகன், அதனால் இரண்டோடு நிறுத்துகிறேன். ஆங்கிலேயன் தன் சொந்தச் சொத்து என்று நினைக்கும் ஃபிஷ் அண்ட் சிப்ஸில் மாவு தோய்த்து மீன் பொரிக்கும் வழக்கம் ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து வந்த யூதர்களுடையது. 1860 வாக்கில் கிழக்கு லண்டனில் ஜோசப் மாலின் என்ற யூதர் இரண்டையும் சேர்த்து விற்றார் என்பார்கள். லங்காஷயர்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எங்கள் மாஸ்லி ஊரில்தான் முதல் கடை என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் பல உணவுகளுக்கு ரேஷன் வந்தபோதும் இதற்கு வரவில்லை.

இன்னொன்று, லீட்ஸ் சந்தையில் 1884ல் மைக்கேல் மார்க்ஸ் போட்ட கடை. ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர். 'விலை கேட்காதீர்கள், ஒரு பென்னி' என்று பலகை. நம் ஊர் 'எதை எடுத்தாலும் பத்து ரூபாய்' கடையேதான். அது வளர்ந்துதான் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர். 1905ல் ஏலியன்ஸ் சட்டம் கொண்டுவந்து கப்பலின் மலிவுத் தட்டில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது இவரைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான்.

ஹாரோக்காரி · ஞாயிறு, இரவு 8.15

அங்கிள்மாரே, இங்கேயே பிறந்தவள் என்ற முறையில் ஒன்று கேட்கலாமா? எழுத்துத் தமிழ் எனக்கு அம்மா சனிக்கிழமைப் பள்ளியில் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தது, தப்பு இருக்கும்.

நீங்கள் எல்லோரும் வக்கீல் மாதிரி வாதாடுகிறீர்கள். யூதர் மீன் கொடுத்தார், ஜமைக்காக்காரர் பாட்டுக் கொடுத்தார், நாங்கள் என்ன கொடுத்தோம் என்று. இது வாடகை ரசீது காட்டுகிற மாதிரி இருக்கிறது. என் வெள்ளைக்காரத் தோழியிடம் "உன் குடும்பம் இந்த நாட்டுக்கு என்ன கொடுத்தது?" என்று யாரும் கேட்பதில்லை. அவள் அப்பா சோபாவில் படுத்துக் கால்பந்து பார்க்கிறார். என் அப்பா டாக்ஸி ஓட்டுகிறார். அவர் இசை எதையும் உருவாக்கவில்லை. அவர் இருக்கலாமா கூடாதா?

ரசீது காட்டினாலும் செல்லாது என்பதற்கு விண்ட்ரஷ்காரர்களே சாட்சி. நர்ஸ் அக்கா சொன்ன மாதிரி வேலை செய்தார்கள், வரி கட்டினார்கள், நாட்டிங் ஹில் கார்னிவல் நடத்தினார்கள். 2018ல் என்ன ஆயிற்று? சின்ன வயதில் அப்பா அம்மாவோடு வந்தவர்களிடம், ஐம்பது வருஷம் கழித்து, நீ சட்டப்படி வந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். சிலருக்கு வேலை போனது, சிலருக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டது, சிலரை நாடு கடத்தியே விட்டார்கள். அவர்கள் வந்து இறங்கிய அட்டைகளை 2010ல் உள்துறையே அழித்திருந்தது!

தறிக்காரர் பேரன் · ஞாயிறு, இரவு 9.00

தங்கச்சி கேட்டது சரியான கேள்வி. நான் தலைப்பை வைத்ததே தப்பு என்று இப்போது தோன்றுகிறது. மாற்றச் சொன்னால் நெறியாளர் விட மாட்டார்.

கார்னிவல் பற்றி மட்டும் ஒன்று. அது யாருக்கும் கொடுப்பதற்காகத் தொடங்கியது இல்லை. 1958 கோடை முடிவில் நாட்டிங் ஹில்லில் வெள்ளை இளைஞர் கூட்டம் கறுப்பர்களைத் தேடித் தேடி அடித்தது. டிரினிடாட்டில் பிறந்து, அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கிளாடியா ஜோன்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர், 1959 ஜனவரியில் செயின்ட் பாங்க்ரஸ் நகர மன்றத்துக்குள் ஒரு கரீபியன் கார்னிவல் நடத்தினார். ஜனவரியில் தெருவில் ஆட முடியுமா, கட்டிடத்துக்குள்தான். மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி அந்தக் கலவர வழக்குகளில் கறுப்பு, வெள்ளை இரு தரப்பு இளைஞர்களின் அபராதம் கட்டுவதற்கு என்று நிகழ்ச்சி மலரிலேயே அச்சிட்டிருந்தார். தெருவுக்கு வந்தது 1966ல். தங்களுக்கு மூச்சுவிட வேண்டியிருந்தது, ஆடினார்கள். நாடு வந்து சேர்ந்துகொண்டது.

நைட் டியூட்டி நர்ஸ் · ஞாயிறு, இரவு 9.20

லெஸ்டரும் அப்படித்தான். 1972ல் உகாண்டா அதிபர் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து ஆசியர்களைத் துரத்தியபோது, லெஸ்டர் நகராட்சி உகாண்டா பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்தது, எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று. அதைப் படித்துத்தான் லெஸ்டர் என்று ஓர் ஊர் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது என்று என்னோடு வேலை பார்க்கும் குஜராத்தி அக்கா சிரிப்பார். இப்போது தீபாவளிக்கு பெல்கிரேவ் ரோட்டில் விளக்குப் போடுவது அதே நகராட்சி.

டியூட்டிக்குக் கிளம்புகிறேன்.

கரவெட்டியான் · திங்கள், காலை 7.10

தம்பி, அந்தக் காலிகோ கதை எனக்காகத்தான் எழுதினது என்று விளங்குது. ராத்திரி மனுசிக்கும் வாசித்துக் காட்டினேன். "அந்தப் போலந்துப் பொடியன்ட துணியைக் கிழிக்காமல் விட்டியளே, அதுவே பெரிசு" என்றாள்.

2024 ஆகஸ்ட் 7 ஞாபகம் இருக்கும். சௌத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் கொன்றவன் படகில் வந்த அகதி என்று பொய்க் கதை கட்டி, ஊர் ஊராக அடித்து உடைத்த கிழமை. அன்றைக்கு எங்கட வால்தம்ஸ்டோவுக்கும் வருகிறார்கள் என்று வாட்ஸப்பில் பட்டியல் சுற்றியது. மூன்று மணிக்கே கடையைப் பூட்டி ஷட்டரை இறக்கினேன். பலகை அடிக்க ஆளில்லை, கைநடுக்கத்தில் ஆணி கோணலாகப் போகுது. ஒருத்தன் வந்து சுத்தியலை வாங்கினான். யார் என்று பார்த்தால் அந்தப் போலந்துக்காரன். என்ர கடைக்கு அடித்துப்போட்டு, தன்ர கடைக்கு அடிக்கப் போனான். நானும் பின்னால் போய்ப் பலகையைப் பிடித்தேன். எட்டு வருஷத்தில் அதுதான் முதல் கதை எங்களுக்குள்.

உடைக்க வருகிறவர்களைக் காணவில்லை. அவர்களை எதிர்த்து வந்தவர்கள்தான் ஆயிரக்கணக்கில் றோட்டை நிரப்பிப்போட்டார்கள். எட்டு மணிக்குக் கதவில் தட்டுச் சத்தம், "தண்ணி இருக்கா?" என்று. ஷட்டரைப் பாதி தூக்கினேன். அரை மணித்தியாலத்தில் தண்ணிப் போத்தல் முடிஞ்சுது, பிறகு ரோல்ஸ், பிறகு சில்லறை. சில்லறைக்குப் போலந்துக்காரனிடம்தான் ஓடினேன்.

கேள்வி நாயகன் · திங்கள், காலை 8.00

சில்லறையைத் திருப்பிக் கொடுத்தீர்களா அண்ணை?

கரவெட்டியான் · திங்கள், காலை 8.05

இன்னும் இல்லை. வட்டியாக ரோல்ஸ் கேட்கிறான்.